வைகுண்டம் விற்ற பெல்ட் கிரைண்டர்

சுயம்புலிங்கம் பழைய பெல்ட் கிரைண்டர் வாங்கிக்கொண்டு வந்த அன்று, புறப்படும்போது மெஷினுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகக் குங்குமம் தடவி வைத்த இரண்டு எலுமிச்சை மூடிகளும், மினி லாரி எங்கள் ஊரான ஓடைமுகத்துக்குள் நுழைந்து தெருவிளக்குகள் எரிந்த நேரத்தில், ஒரே முழுப் பழமாகி மோட்டாருக்குப் பக்கத்தில் உருண்டுகொண்டிருந்தன. சுயம்பு அந்தப் பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். கிளம்புகிற அவசரத்திலும் வைகுண்டம் புதுப் பழம் ஒன்று வைத்து அனுப்பியிருக்கிறானே, சிநேகிதன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று நினைத்து, அதைக் கொண்டுபோய்ப் பட்டறை மாடத்தில் வைத்தான். அவன் அப்படி நினைக்கிற ஆள். பின்னால் நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம், மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை.

உப்போடை கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கடலிலிருந்து வருவது வெட்டாமல் வீட்டுக்குள் போகாது, தோப்பிலிருந்து வருவதும் அப்படியே, ஆகவே கத்தி இல்லாமல் எங்களுக்கு ஒரு வேளைகூட அடுப்பு எரியாது. அந்தக் கத்தியும் சுயம்பு அடித்ததாக இருந்தால்தான் மீன்கடைப் பெண்கள் கையில் எடுப்பார்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, அரத்தால் ராவி, சாணைக்கல்லில் பிடித்து, நகத்தின் மேல் வைத்துப் பார்த்து, சரியில்லை என்று திரும்பவும் காய்ச்சுகிறவன் அவன். பிடிக்குப் பக்கத்தில் அவன் குத்துகிற தூண்டில்முள் அடையாளம் இருந்துவிட்டால் சந்தையில் யாரும் கூர் பார்க்கமாட்டார்கள். “சுயம்பு கத்தி, வெட்டினா வெட்டினதுதான்” என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவன் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான், சோறும் தூக்கமும் அதற்கு அப்புறம். தோள் இனி முடியாது என்று சொல்லிவிட்டபோதுதான் பெல்ட் கிரைண்டர் ஒன்று இருந்தால் தேவலை என்று ஆசைப்பட்டான். புதுசு வாங்குகிற நிலைமை இல்லை. பழசை யாரிடம் வாங்குவது என்று யோசிக்கவேண்டிய அவசியமும் இல்லை, வைகுண்டம் இருந்தான்.

வைகுண்டம் ஆலடி விலக்கில் பழைய மெஷின் கடையும் சின்னதாக ஒரு பட்டறையும் வைத்திருந்தான். இருவரும் மீசை முளைக்காத வயசில் ஒரே இடத்தில் வேலை பழகினவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள், ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவர்கள். முதல்முதலாகச் சொந்தமாக ஒரு கத்தி செய்தபோது இவன் அடிக்க அவன் ராவ, அவன் காய்ச்ச இவன் சாணைபிடிக்க, முடிந்த பிறகு அது யாருக்கு என்று கேட்டால் நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சுயம்புவின் கல்யாணத்தன்று வைகுண்டம் அதை மஞ்சள் துணியில் சுற்றி மணப்பெண் பட்டுக்கனியிடம் கொடுத்தான். “தங்கச்சி, இதுல வெங்காயம் வெட்டு. எங்க ரெண்டு பேரையும் திட்டணும்னு தோணினா இத ஓங்கிக்கிட்டுத் திட்டு” என்றான். பட்டுக்கனி அன்றிலிருந்து வேறு கத்தியைத் தொட்டதில்லை.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் அதை ஒரு பொழுது ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டுவார்கள், எங்கள் பக்கத்து வழக்கம் அது. காலையில் போய் உட்கார்ந்து, மோட்டார் சூடேறுகிறதா, வீல் ஆட்டம் காட்டுகிறதா, பெல்ட் ஓரம் ஒதுங்குகிறதா என்று பார்த்து, இரும்பைப் பிடித்து, பிடித்த கூரால் வெட்டிப் பார்த்து, விளக்கு வைத்த பிறகுதான் சரி என்று தலையாட்டுவார்கள். கூடப் பிறந்தவன் விற்றாலும் இதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சுயம்பு போய்ச் சேர்ந்தபோதே வெயில் சாய்ந்திருந்தது. “ஒரு பொழுது ஓட்டிப் பாக்கணும்னா நாளைக்குத் தங்கிப் பாக்கட்டாலே?” என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டான்.

“நமக்குள்ள என்னலே பொழுது பாக்குறது?” என்றான் வைகுண்டம். “இருட்டுறதுக்குள்ள ஏத்து. மழ வேற வாற மாதிரி இருக்கு.”

வானத்தில் ஒரு மேகம் கிடையாது. சுயம்பு அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. வைகுண்டம் மெஷினைப் போட்டு ஒரு தகட்டைப் பிடித்தான், பொறி வாசல்வரைக்கும் பறந்தது, அந்தக் கூரில் எலுமிச்சம்பழத்தைத் தொட்டதும் அது இரண்டாக விழுந்தது. சுயம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. விலை பேசவில்லை, சிநேகிதனிடம் பேரம் பேசினால் நாக்கு கூசும் என்பான். டீ கொண்டுவந்த வைகுண்டத்தின் மனைவி தங்கபுஷ்பம் மட்டும், “அண்ணே, அந்த மெஷினு…” என்று ஆரம்பித்தாள். “நீ போயி கட்டுறதுக்குக் கயிறு எடுத்துட்டு வா” என்றான் வைகுண்டம். அவள் போய்க் கயிறு எடுத்துவந்தாள்.

அந்த மெஷினில் பிடித்த முதல் கத்தியை, மீன்கடைப் பெண்களுக்கெல்லாம் மூத்தவளான மிக்கேலம்மாள்தான் வாங்கினாள். காலையில் கரைக்கு வந்த பெரிய சீலா மீன் ஒன்றை அதில் துண்டுபோட்டு, தலை ஒரு வீட்டுக்கு, வால் ஒரு வீட்டுக்கு, நடுத்துண்டுகள் தெருவெங்கும் என்று விற்று முடித்தாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் குழம்புச் சட்டிகளின் மூடிகள் விலகின, துண்டுகள் இறங்கி வாசல் தாண்டி வந்தன, வறுத்தது மசாலாவோடும் வேகாதது ரத்தத்தோடும் தெருமுனையில் கூடி, தலைக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டு, பாதி வெந்த முழு மீனாகக் கிடந்தன. மத்தியானமே சாப்பிட்டு முடித்தவர்களுக்கு வயிற்றுக்குள் லேசாக ஓர் இழுப்பு வந்தது. அவர்களும் கைகழுவின ஈரத்தோடு நடந்து வந்து, மீனைச் சுற்றி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவர்த் தகராறில் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். வேறு வழியில்லாமல் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் மிக்கேலம்மாள் கத்தியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து எறிந்தாள் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஊர் எதையும் ரொம்ப நாள் அதிசயமாக வைத்துக்கொள்கிற ஊர் இல்லை. மீன் மண்ணில் கிடக்கிறதே என்று தெருமுனையில் ஒரு தாம்பாளம் வைத்தார்கள், பிறகு அதற்கு ஒரு அடுப்பு வைத்தார்கள், பிறகு ஒட்டின மீனைப் பொதுவில் சமைத்து, இந்தத் தடவை கத்தி போடாமல் கையால் பிய்த்துச் சாப்பிட்டார்கள். தையல்காரர் ஓடிவந்து துணி வெட்ட ஒரு கத்தி கேட்டார், அளவு தப்பாக வெட்டின சட்டையைச் சாயங்காலம்வரை மடித்து வைத்தால் போதும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். புதுப் பெண்களுக்குச் சீரில் இந்தக் கத்திதான் போயிற்று, விரலில் பட்ட காயம் விளக்கு வைத்ததும் மூடிக்கொள்ளும் அல்லவா. சுடலைமாடன் கோயிலில் வெட்டின கிடா ராத்திரி பூஜைக்கு முன்னால் எழுந்து நின்று செருமியபோது, சாமியாடி மேல் மாடன் இறங்கி, “எனக்குக் குடுத்தத எவன்லே திரும்ப எடுக்குறது?” என்று கோபமாகக் கேட்டான். ஊர் கூடிப் பேசிச் சமாதானம் செய்தது. ஒருதடவை சாமிக்கு விழுந்த கிடாவை அப்புறம் யாரும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. கழுத்தில் சிவப்புக் கோடு போட்ட கிடாக்கள் கடைவீதியில் சுவரொட்டிகளைத் தின்றுகொண்டு சாமி மாதிரியே திரிந்தன.

படகு விஷயத்தில்தான் ஊருக்குக் கத்தி மேல் முழு மரியாதை வந்தது. எங்கள் ஊரில் கூட்டாகப் படகு வைத்திருப்பவர்கள், சிநேகிதர்கள், சம்பந்திகள், யார் பிரிந்தாலும் கரையில் ஊரார் முன்னால் ஒரு வலைக்கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்து அறுப்பார்கள். அவரவர் துண்டை அவரவர் கொண்டுபோய் வீட்டு வாசலில் கட்டிக்கொள்வார்கள், அதோடு இவன் சாவுக்கு அவன் வரமாட்டான், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு இவன் போகமாட்டான். அண்ணன் தம்பி இருவர் அப்படிப் படகைப் பிரித்தார்கள். அறுத்தது சுயம்பு கத்தி. விளக்கு வைத்ததும் இரண்டு வாசலிலிருந்தும் கயிறு அவிழ்ந்து இறங்கி, மண்ணில் ஊர்ந்து, நடுத்தெருவில் சேர்ந்துகொண்டது. அண்ணன் தலையிலடித்துக்கொண்டான், தம்பி சிரித்துவிட்டான், விடியற்காலையில் இரண்டு பேரும் ஒரே படகில் போனார்கள். அப்புறம் ஊரே பழைய கத்திகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுச் சுயம்பு கத்தி வாங்கிற்று. வெளியூர்க் கத்தி வைத்திருப்பவனை, என்ன திட்டத்தில் இருக்கிறான் இவன் என்று ஒரு மாதிரி பார்த்தோம்.

இதில் வயிறெரிந்த ஆள் சுயம்பு ஒருவன்தான். சந்தையில் “வெட்டினா வெட்டினதுதான்” என்று சொல்வது நின்றுபோய், ஒட்டுக்கத்தி, ஒட்டுக்கத்தி என்று பேராகிவிட்டது. அவன் பெல்ட்டை மாற்றிப் பார்த்தான், இரும்பை மாற்றிப் பார்த்தான், எண்ணெயில் முக்குவதற்குப் பதிலாகத் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். தன் கைதான் கெட்டுவிட்டது, முள் அடையாளத்துக்குத் தான் லாயக்கில்லை என்று நினைத்து, சாப்பாட்டின் முன்னால் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி இருந்த ஒரு நாள்தான் பட்டுக்கனி ரசத்துக்குப் புளி இல்லையென்று மாடத்திலிருந்த எலுமிச்சையை எடுத்து, தன் கல்யாணக் கத்தியால் அறுத்தாள். பழம் வாடாமல் இருந்தது. உள்ளே நடுச்சுளையில் குங்குமம் சிவப்பாக அப்பியிருந்தது.

“இங்க பாருங்க” என்று அவள் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். “இது அங்க வச்சு வெட்டின பழம்லா?”

சுயம்பு அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேகமில்லாத வானத்தில் வரவிருந்த மழையும், இருட்டுவதற்குள் ஏற்று என்ற அவசரமும், தங்கபுஷ்பம் வாயெடுத்ததும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். போகிற வழியெல்லாம், வைகுண்டத்துக்கும் தெரிந்திருக்காது, அவனையும் எவனோ ஏமாற்றியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான்.

வைகுண்டம் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து தோளில் கைபோட்டான்.

“மெஷினப் பத்தி உனக்குத் தெரியுமாலே?” என்று கேட்டான் சுயம்பு.

வைகுண்டம் டீயை ஊதினான். “தெரியும்.”

“எப்பம் தெரியும்?”

“வாங்கின மறுநாளே தெரியும் மக்கா. கறிக்கடைக்காரன் ஒருத்தன் கத்திய என் மூஞ்சிலயே விட்டெறிஞ்சான்.”

“பெறகு ஏன்லே எனக்கு வித்த?”

“வேற யாருக்கு விக்க?” வைகுண்டம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். “வாறவன் எல்லாம் ஒரு பொழுது ஓட்டிப் பாக்கணும்னு உக்காந்துருதான். வெளக்கு வச்சதும் வெட்டினது ஒட்டுதப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருதான். எனக்கும் எடம் அடச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்.”

அதை அவன் பாராட்டுகிற மாதிரிச் சொன்னான். சுயம்பு தோளிலிருந்த அவன் கையை எடுத்துவிட்டான். தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் ஆத்திரப்பட்டு, நாலு வார்த்தை திட்டி, ஆறிப்போயிருக்கும். இவன் தன்னை இத்தனை வருஷமாக உள்ளும் புறமும் தெரிந்துவைத்திருந்து, தான் நம்புவேன் என்பதைக் கணக்கில் வைத்தே மெஷினை இழுத்து முன்னால் விட்டிருக்கிறான். ஒரே பாயில் படுத்த நாட்களை எல்லாம் யாரோ எடுத்துக் குப்பையில் கொட்டின மாதிரி இருந்தது. “எடுத்துக்கோ, திருப்பி எடுத்துக்கோ” என்றான். “எதுக்கு? உன் ஊரே அதக் கொண்டாடுதாமே” என்று சிரித்தான் வைகுண்டம். சுயம்பு டீ குடிக்காமல் திரும்பி வந்தான்.

வந்தவன் மெஷினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, வலிக்கிற தோளோடு பழைய சாணைக்கல்லுக்கே போனான். எங்களுக்கு அவன் கோபம் விளங்கவில்லை. தெரியாமலோ தெரிந்தோ ஊருக்கு நல்லது நடந்திருக்கிறது, அவன் பேர் நாலு ஊருக்குப் பரவியிருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று பட்டறைக்கே போய்ப் புத்தி சொன்னோம். “வேய், மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்காதேயும்” என்று தையல்காரர் சொன்னார். மிக்கேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, அவன் கெட்டது செஞ்சான்னு நீ சொல்லுத. நல்லதால்லா வந்து முடிஞ்சிருக்கு?” என்றாள்.

“நல்லது வரும்னு நெனச்சா அவன் எனக்குக் குடுத்தான்?” என்று கேட்டான் சுயம்பு. அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனாள். யாரும் பிரியமுடியாத ஊரில் ஒருத்தன் மட்டும் பிரிவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்களுக்கு அழகாகப் படவில்லை.

அதனால் அந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, சுயம்புவிடம் சொல்லாமலே, வைகுண்டத்தை அழைத்தோம். அவன் பளபளவென்று மோட்டார் சைக்கிளில் வந்தான். வீட்டுக்கு வீடு உட்காரவைத்து மீன் போட்டோம், அவனும் யார் மனமும் கோணாமல் எல்லா வீட்டிலும் ஒரு துண்டு சாப்பிட்டான். கரையில் கூட்டம் கூடி, பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னோம். “சுயம்பு என் உசுரு” என்றான் வைகுண்டம். “அவன் தோள் வலியப் பாத்துட்டுத்தான், எங்கெங்கயோ அலைஞ்சு, இப்படியொரு மெஷின அவனுக்குன்னே தேடிக் குடுத்தேன்.”

கைதட்டினோம். கைதட்டல் அடங்கினதும் பின்னாலிருந்து சுயம்புவின் குரல் வந்தது. “இவனுக்கும் எனக்கும் கயிறு அறுக்கணும்.”

கூட்டம் சிரித்தது. வைகுண்டம் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். “அறுத்துக்கலாம் மக்கா, அதுக்கென்ன. வெளக்கு வச்சா தானா ஒட்டிக்கிடப் போவுது. உன் கோவமும் தீந்த மாதிரி இருக்கும்” என்று பொன்னாடையோடு இறங்கி வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தான். சுயம்பு மறுமுனையைப் பிடித்தான். மடியிலிருந்து துணியில் சுற்றின ஒரு கத்தியை எடுத்தான். வைகுண்டம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், கத்தியைப் பார்க்கவில்லை. சிநேகிதன் கையில் இருப்பதைப் போய்ச் சோதித்துப் பார்ப்பானேன். கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது.

சுயம்பு தன் துண்டைக் கொண்டுபோய் வீட்டு வாசல்நிலையில் கட்டிவிட்டு உள்ளே போனான். வைகுண்டம் தன் துண்டை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு, அந்த வீட்டுக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தி உட்கார்ந்தான். நாங்களும் கூட நின்றோம். பட்டுக்கனி வந்து வாசல் விளக்கை ஏற்றினாள்.

ஏற்றினதும் ஊரில் வெட்டுப்பட்டது எல்லாம் புறப்பட்டது. தேங்காய் மூடிகள் உருண்டு வந்து இணையைத் தேடின, தையல்காரர் கடையில் துணி சலசலத்தது, மீன் துண்டுகள் தாம்பாளத்தை நோக்கிப் போயின. வைகுண்டம் கைப்பிடியைப் பார்த்தான். கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டிப் பார்த்தான், முடிச்சை அவிழ்த்துத் தரையில் விட்டான், அது விட்ட இடத்தில் கிடந்தது. நிலையில் கட்டின துண்டும் அசையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை நாங்கள் பார்த்தோம்.

“மக்கா,” என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். “எலே சுயம்பு, எந்தக் கத்திலே அது?”

பட்டுக்கனிதான் வாசலுக்கு வந்தாள், கையில் வெங்காயமும் கத்தியும் இருந்தன. “நீங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச கத்திதான் அண்ணே. கல்யாணத்துக்குக் குடுத்தீங்கள்லா” என்றாள்.

வைகுண்டம் என்னமோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் வயிற்றில் இழுப்பு ஆரம்பித்துவிட்டது, பகலெல்லாம் ஊர் முழுக்கச் சாப்பிட்டிருந்தான் அல்லவா. எல்லா வீட்டு மீனும் ஒரே நேரத்தில் கூப்பிட, எழுந்து, எங்களோடு எங்களாகத் தெருமுனைப் பக்கம் நடந்தான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். எங்கள் ஊரில் அவனை இழுக்காத வீடு அது ஒன்றுதான்.

சுயம்பு அடுப்பங்கரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பட்டுக்கனி வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

“கயிறு அசைஞ்சிச்சா?”

“இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன். அப்படியே கெடக்கு.”

அவன் கையை நீட்டினான். அவள் கத்தியைக் கொடுத்தாள். கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தான், சந்தையில் பேர் தெரியாத கத்தியைப் பார்க்கிற மாதிரிச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான், அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்து கத்தி மங்கியதும் வேட்டியால் துடைத்தான்.

“நல்ல கத்தி” என்றான்.